ஒரே வீட்டில் இரண்டு பெரியசாமிகள்

டேட்டாபேஸ் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மெஷின் சொன்ன பேச்சைக் கேட்கும், மனிதர்கள்தான் கட்டத்துக்குள் அடங்க மாட்டார்கள். நீங்களும் இதில் மாட்டிக்கொண்டவர் என்றால் வாருங்கள், சேர்ந்தே புலம்புவோம்.

எண்பதுகளின் கடைசி. பெரம்பலூரில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. துபாயில் இருந்த லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர், தன் அம்மாவுக்குப் பார்வை திரும்பிய சந்தோஷத்தில் அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். நோயாளிகளின் அட்டைகளை அதில் ஏற்றுவது என் வேலை. அந்த அறைக்குள் டாக்டர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். அந்த மரியாதைக்கு இன்றும் மனசு ஏங்குகிறது.

வயசு எவ்வளவு?

வயது என்ற இடத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் மேலே போகாது. அப்படி எழுதி வைத்த மகானுபாவன் நானேதான். வயது தெரியாமல் விழித்தவர்களுக்கெல்லாம் ஐம்பது என்று போட்டுத் தள்ளினேன். பூலாம்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் மட்டும் விடாமல் கேட்டேன். அவர் சலித்துப்போய்ச் சொன்னார்: "கண்ணு தெரியாதவ நானு. நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்குங்க தம்பி."

அழித்த கதை

ஃபிளாப்பியில் இடம் தீர்ந்துகொண்டே வந்தது. பெயர், அப்பா பெயர், ஊர், வயது நான்கும் ஒன்றாக இருந்தால், ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருக்கிறார் என்று ஒரு பதிவை அழித்துவிட ஒரு புரோகிராம் எழுதினேன். பதிவுகள் மளமளவென்று குறைந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பல வருஷமாக அட்டைகளைப் பார்த்துக்கொண்ட பாத்திமா சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் நிதானமாகக் கேட்டார்: "கேட்டுட்டு அழிச்சீங்களா சார், அழிச்சுட்டுக் கேக்குறீங்களா?"

யார் கண்?

சில மாதம் கழித்து, அரியலூர்ப் பக்கத்திலிருந்து பெரியசாமி என்பவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். புரை ஆபரேஷனுக்கு முறை வந்தால் நாங்கள் தபால் கார்டு போடுவோம். மகள் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அந்தக் கார்டுக்காகக் காத்திருந்திருக்கிறார். வரவேயில்லை. தாலி ஏறியதை மேளச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டாராம்.

தேடிப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று இருந்தது. கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்கிறது என்றேன். அவர் கோபப்படவில்லை, விளக்கினார். குலதெய்வத்தின் பேரை வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குமே வைத்திருக்கிறார்கள். ஊரில் பெரியவன், சின்னவன் என்று கூப்பிட்டால் போதும். இரண்டு பேருக்கும் ஐம்பது வயது, என் புண்ணியத்தில்.

"அது எங்க அண்ணன் கண்ணுங்க. என் கண்ணு இந்தா இருக்கு."

கட்டுப் பிரித்த அன்று

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டரிடம் ஓடிப்போய் ஒப்புக்கொண்டேன். மறுநாளே ஆபரேஷன் நடந்தது. அந்த வாரமே ஒவ்வொருவருக்கும் தனித்தனி நம்பர் கொடுத்தேன். பெயரை வைத்து ஆளை முடிவு செய்யாதே என்று புத்தகத்தில் படித்ததுதான். அப்போதுதான் மண்டையில் ஏறியது.

கட்டுப் பிரித்ததும் அவர் மகளின் கழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கம்ப்யூட்டரு நீங்கதானா? சின்னப் புள்ளையால்ல இருக்கீங்க!"

ஒரே மாதிரி இருக்கும் பதிவை அழித்தால் இடம் மிச்சம் என்று இன்றைக்கு யாராவது யோசனை சொன்னால், அழிக்கலாம், ஆனால் பஸ் ஏறிப் போய் அந்த வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.