துருவைத் தேடி வந்தவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரியிலிருந்து பஸ் பிடித்து ஒருவர் எங்கள் மரக்காணம் உப்பளத்துக்கு வருவார். ஞாயிறு சார் என்போம். தேய்த்த முழுக்கைச் சட்டை, பை நிறைய நசுங்கிய தகரம். விரலளவு சிப்பாய்களை மேசைமேல் நிறுத்தி ஆடுகிற போர் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். அதற்கு வேண்டிய இடிந்த ஊரைப் பழைய இரும்பில் செய்வதுதான் இவர் பைத்தியம். நாங்கள் ஆயுசு முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டுகிறோம். இவர் அதைத் தேடி டிக்கெட் எடுத்து வந்தார்.

எதைக் கண்டாலும் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். சிப்பாய் உயரத்தில் பார்க்கிறாராம். தண்ணீர் இறைக்கிற எங்கள் இன்ஜினின் பழைய டீசல் ஃபில்டர் அப்படித்தான் அவர் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியானது.

ஊரைச் செய்து முடித்து, உப்புக்காற்றில் நன்றாகத் துருவேறட்டும் என்று எங்கள் மோட்டார் ஷெட் வாசலில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் மேஸ்திரிக்குத் துருவைக் கண்டால் பொறுக்காது. ஷெட் கதவுக்கு அடித்து மிஞ்சிய சில்வர் பெயிண்ட்டை ஊர் முழுக்க அடித்துவிட்டார்.

"வீணாப் போவுதேன்னு ரெண்டு கோட்டிங் குடுத்துட்டேன் சார்" என்றார் அடுத்த ஞாயிறு, பெருமையாக.

ஞாயிறு சார் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார்.

"ஊருக்கு மந்திரி வர்றாரு போலிருக்குது" என்றார்.

அடுத்த வாரம், வெள்ளை வேட்டியும் கும்பிட்ட கையுமாக விரலளவு மந்திரி ஒருவரைச் செய்துவந்து ஊர் நடுவே நிறுத்தினார். மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். சாருக்குக் கோபம் தீர்ந்ததா, அதுதான் கோபமா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. மந்திரிக்கு எங்கள் மேஸ்திரியின் மீசை இருந்தது.