அப்பா கன்னடத்தில் பேசினால்

கல்லூரியில் சர்வதேச உறவுகள் இரண்டாம் ஆண்டு படிக்கும் இளவேனில், கன்னட ஊரான லிங்கராஜபுரத்தில் வாழும் தமிழ்ப் பெண். காவிரிப் பிரச்சினையில் ஊரே கொதித்துக்கொண்டிருந்த அன்று, வகுப்பில் பேச்சுவார்த்தைப் பயிற்சி. ஒரே ஆறு, இரண்டு கற்பனை நாடுகள். குலுக்கலில் அணை உள்ள நாடு இவளுக்கு விழுந்தது. தண்ணீர் கேட்கும் நாடு தோழி மமதாவுக்கு. மமதாவோ மண்டியாவின் கன்னட விவசாயி மகள். கேட்க வேண்டுமா, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"ஒரு சொட்டுகூடக் கிடையாது" என்று இளவேனில் அடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா அழைத்தார்.

"மகளே, காலேஜல்லி இத்தியா?" காலேஜில் இருக்கிறாயா என்று கன்னடத்தில் கேட்டார்.

அவள் போனைக் காதோடு அழுத்தினாள். அப்பா அவளிடம் கன்னடத்தில் பேசினால், பக்கத்தில் தமிழ் கேட்கக் கூடாத ஆட்கள் நிற்கிறார்கள் என்று அர்த்தம். மாநில எல்லையிலுள்ள அத்திபெலேக்குச் சரக்கு ஏற்றப் போனவர். வேனுக்குத் தமிழ்நாட்டு நம்பர். யாரோ வேனைப் படபடவென்று தட்டுவது போனில் கேட்டது.

அந்தத் தட்டல் காதில் விழுந்து, அவள் முகத்தையும் பார்த்ததுமே மமதாவுக்குப் புரிந்துவிட்டது. போனைப் பிடுங்கி, "அப்பா, ஸ்பீக்கர்ல போடுங்க" என்று கன்னடத்திலேயே சொன்னாள். பிறகு அசல் மண்டியாக் கன்னடத்தில் கத்தினாள்: "யாருய்யா அது, எங்கப்பாவ நிறுத்தி வெச்சிருக்கிறது?"

மறுமுனையில் தட்டல் நின்றது. "நம்ம ஆளுதான், விடுங்கப்பா" என்றது ஒரு குரல். வேன் கிளம்பியது. சற்றுப் பொறுத்து அப்பா தமிழில், மிக மெதுவாக, "வந்துட்டிருக்கேம்மா" என்றார்.

இளவேனில் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மமதா தன் நாற்காலிக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. தண்ணி விடுவியா, மாட்டியா?"