தெருவுக்கே ஆட்டோ ஸ்டார்ட்டர்

ஓசூரில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல் லேத்துப் பட்டறைக்கு முதலாளி ஆனவர் வெங்கடப்பன் ஒருவர்தான். இன்னும் இரண்டு பேர் இருப்பதாகச் சொல்கிறார்கள், அவர் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் கட் வந்து கழுத்தைப் பிடித்தது. காற்றாலை ஓடவில்லை என்றார்கள், நிலக்கரி வரவில்லை என்றார்கள். கம்பெனிகள் பெருகிய வேகத்துக்கு மின்நிலையம் பெருகவில்லை, வெளியே வாங்கப் போனால் யானை விலை என்றார்கள்.

"காரணம் கிடக்கட்டும்யா. கரண்டு வந்த நொடியே நம்ம மிஷினு ஓடணும், அதான் சூட்சுமம்" என்றார் வெங்கடப்பன். அவர் அவசரம் அவருக்கு. லாரிக் கம்பெனிக்குத் திங்கட்கிழமை ஷாஃப்ட் போய்ச் சேராவிட்டால், ஆர்டர் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்விடும்.

அவர் பிறந்த பேரிகை கிராமத்தில் பம்புசெட்டுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டுவார்கள். கரண்ட் வந்ததும் ஆளில்லாமலே மோட்டாரை ஓட்டிவிடும் பெட்டி அது. அதைக் கொண்டுவந்து லேத்துக்கு மாட்டினார். மாட்டியவர் சும்மா இருந்தாரா? தெருவையே கூட்டி வைத்துப் பெருமையடித்தார். பட்டறைக்குப் பட்டறை பெட்டி ஏறியது; கெம்பம்மாவின் மாவு மில்லிலும் ஏறியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் வந்தது. தெருவிலிருந்த அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் உறுமின. மூலை டிரான்ஸ்பார்மர் ஒருமுறை கனைத்தது. அப்புறம் புகைதான்.

தலையெல்லாம் மாவோடு ஓடிவந்தாள் கெம்பம்மா. "ஏண்ணா, தெருவுக்கே ஊதுபத்தி ஏத்தி வெச்சுட்டியே!"

"என் யோசனையில தப்பில்லம்மா. எல்லாரும் அதைக் கேட்டீங்க பாரு, அதான் தப்பு."

"உங்க ஊருல பங்காளிக் கெணத்துல எப்படிண்ணா தண்ணி பாய்ச்சுனீங்க? எல்லாரும் ஒண்ணாவா எறச்சீங்க?"

"அதெப்படி? முறை வெச்சுத்தான்..." சொல்லும்போதே அவர் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் வேறு டிரான்ஸ்பார்மர் வந்தது. பெட்டிகள் கழன்றன, ஒரு பட்டறை மோட்டாரைக் கிளப்பிய பிறகே அடுத்தது என்று முறை வைத்தார்கள். அவருடைய கெடு தெரிந்து முதல் முறையைக் கெம்பம்மா அவருக்கே விட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை: கரண்ட் போகும்போதெல்லாம் பட்டறை பட்டறையாக நடந்து, சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று முதலாளி வெங்கடப்பனே பார்க்க வேண்டும்.

ஷாஃப்ட் போனது, ஆர்டர் தங்கியது. செவ்வாய்க்கிழமையே, "முறை வெக்கிறது நம்ம மூளைதான்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாய் அப்படி, கை பழகிவிட்டது. மறு வருஷம் கிருஷ்ணகிரியில் கெம்பம்மா மகள் கல்யாணம். பந்தியில் கரண்ட் போனது. யாரும் கேட்காமலே எழுந்துபோய், மண்டபத்து ஃபேன் சுவிட்சுகளை ஒன்றுவிடாமல் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார் வெங்கடப்பன். கரண்ட் வந்தது. விளக்கெல்லாம் எரிந்தன, மாப்பிள்ளை வீட்டார் இலைக்கு முன்னால் வேர்த்து வழிந்தார்கள்.

"அண்ணா," என்று பந்தியின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள் கெம்பம்மா, "இன்னிக்காவது எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத் தொலை!"