பந்தலுக்கு மேலே நடந்தவர்கள்

செப்புக் காசை நாக்கில் வைத்தாற்போல ஒரு கசப்பு, திராட்சைக்கு மருந்தடித்த மதியங்களில் ஓடைப்பட்டிக் காற்றிலேயே கலந்திருக்கும். அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டு, என் சித்தப்பா வில்லனாக மாறிக்கொண்டிருக்கிறார் என்று பத்து வயதில் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள், ஆதாரம் இருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த "மருந்து" அவர் கைகளை முழங்கை வரை நீலமாக்கியிருந்தது. முகத்தைச் சுற்றித் துண்டு, கண்கள் மட்டும் வெளியே, முதுகில் டேங்க். சின்னமனூர்க் கடையில் வாடகைக்கு எடுத்துவந்த சூப்பர் ஹீரோ படக்கதைகளில் மனிதனுக்கு முதலில் நிறம் மாறும், அப்புறம் புத்தி மாறும், அப்புறம் ஊரைக் கொளுத்தக் கிளம்புவான்.

ஆனால் படக்கதையில் வரும் பைத்தியங்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பார்கள். சித்தப்பா சிரிக்கவே இல்லை. அந்தக் கோடையில் பேச்சைக் குறைத்து, திராட்சைப் பந்தலையே அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். ஒருநாள் கஞ்சித் தூக்கோடு தோட்டத்துக்குப் போன என்னை, அந்தப் பச்சை இருட்டுக்குள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏலே, கேக்குதா? மேல நடக்குறாக."

பந்தல் என்பது கல்தூணும் கம்பியும்தான். அதன்மேல் காக்கை உட்காரலாம், ஆள் நடக்க முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் எங்கோ ஒரு சருகு நொறுங்கியது; சற்றுத் தள்ளி இன்னொன்று; பிறகு சரியாக என் தலைக்கு மேலே. இலை இடுக்குகளில் வெயில் மறைந்து மறைந்து தெரிந்தது, யாரோ வரிசையாகக் கடந்துபோவதைப் போல. "எத்தன பேரு சித்தப்பா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நீ வந்ததும் நின்னுட்டாக," என்றார் மெதுவாக. "ஒன்னயத்தேன் பாக்குறாக."

அடுத்த நினைவு, வீட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் நான். தூக்கு தோட்டத்திலேயே கிடந்தது. இடையில் என் காலில் ஓடியது யார் என்று இன்றுவரை தெரியாது.

"பேயோட்டக் கோடாங்கிய வச்சுப் பாப்பம்" என்றார்கள் உறவுக்காரர்கள். அப்பா கேட்கவில்லை, தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். எனக்கு உயிரே போனது. படக்கதையில் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய்க் குணமாகித் திரும்பியவன் ஒருத்தனும் கிடையாது. மழை பெய்யும், மின்னல் வெட்டும், சுவரை உடைத்துக்கொண்டுதான் வருவான். ஆகவே பஸ் நிறுத்தத்தில் சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "அனுப்பாதீக! போனா வில்லனாத்தேன் வருவாக!" என்று ஓலமிட்டேன். பஸ்ஸே சிரித்தது.

"கூறுகெட்டவனே, கால விடுறா!" என்று அம்மா என் காதைத் திருகினாள். "ஒஞ் சித்தப்பனுக்குச் சோறு தண்ணி எறங்கல, பொட்டுத் தூக்கமில்ல. அந்தப் புள்ள எப்பிடிடா பொழைக்கும்?"

சித்தப்பா குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "எனக்கும் பயமாத்தேன்டா இருக்கு. விடு."

வில்லனுக்குப் பயம் வரும் என்று எந்தப் படக்கதையும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த வாடகைக் கடை இப்போது இல்லை. அங்கே செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். கதைகள் மட்டும் தியேட்டருக்குக் குடிபெயர்ந்து சௌக்கியமாக இருக்கின்றன. போன வருஷம் மகளோடு அப்படி ஒரு படத்துக்குப் போனேன். திரையில் ஒருவன் ஆஸ்பத்திரிச் சுவரை உடைத்த நேரம், என் நெஞ்சு படபடத்து, கை சில்லிட்டு, சாகப்போகிறேன் என்று நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். "மாரடைப்பு" என்று நானே அறிவித்தேன். டாக்டர் "பதற்ற நோய்" என்று எழுதினார். திரையில் அத்தனை மனம் உடைந்தவர்கள் பறக்கிறார்கள், கொல்லுகிறார்கள். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

சித்தப்பா வில்லனாகவில்லை. தேனியில் கொஞ்ச நாள் படுக்கவைத்து மாத்திரை கொடுத்தார்கள், தூங்கினார், சாப்பிட்டார். மேலே நடந்தவர்கள் உடனே போய்விடவில்லை, சில மாதங்களில் ஓய்ந்தார்கள். அடுத்த முறை கொடிகளைக் கவாத்து வெட்டும்போது, கத்தரிக்கோலோடு அவரே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் ஒரு அடி அடித்ததில்லை. மாதாமாதம் தேனிக்குப் போய் மாத்திரை வாங்கிவருகிறார். இப்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்.