மாலை வகுப்புக்கு ஒரு பங்கு

கிரேஸ் டீச்சர் கணக்கு நடத்தினால் கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் தூக்கம் வராது. செவிலிமேட்டில் ஒரு தனியார் பள்ளி. பத்தாம் வகுப்புக்கு அவள்தான் கணக்கு. காலையில் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதில் தொடங்கும் வேலை, மாலை ஸ்பெஷல் கிளாஸோடுதான் முடியும்; அவள் வீடு திரும்பும்போது தெருவிளக்கு எரியும். அந்த வகுப்புக்கென்று தனியாக ஒரு ரூபாய் கிடையாது. "சேவைன்னு நெனச்சுக்கோங்கம்மா" என்பார் தாளாளர் கோதண்டபாணி. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பெற்றோர் கூட்டத்தன்று, சின்ன காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் மாணிக்கவேல் வாயெல்லாம் பல்லாக வந்தார். மகன் கணக்கில் தேறியிருந்தான்.

"ஸ்பெஷல் கிளாஸுக்குத் தனியா ஃபீஸ்னு சொன்னப்போ கடுப்பாத்தான் இருந்துச்சு டீச்சர். ஆனா உங்களுக்குத்தானே வருதுன்னு மனசாரக் கட்டுனேன்."

கிரேஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஃபீஸா? எனக்கு எதுவும் வரலீங்களே" என்றாள்.

மாணிக்கவேலின் சிரிப்பு அப்படியே நின்றது.

ஆசிரியர் அறையில் விஷயத்தைச் சொன்னதும் சயின்ஸ் டீச்சர் தேவிப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவமே! நாம இங்க தொண்ட கிழியக் கத்திக்கினு இருக்கோம், கல்லா அங்க நிறையுதா?" கோபத்தில் ஆரம்பித்த பேச்சு, யாரோ முதலில் சிரிக்க, வயிறு வலிக்கும் சிரிப்பாகிவிட்டது.

திங்கட்கிழமை கிரேஸ் தாளாளர் அறைக்குப் போனாள்.

"ஆசிரியர் வேல சேவைம்மா" என்று ஆரம்பித்தார் கோதண்டபாணி.

"சேவைதான் சார். ஃபீஸ் வாங்கறத நிறுத்திடுங்க, நானும் சும்மாவே நடத்தறேன். வாங்கறதா இருந்தா எங்க பங்கக் குடுத்துடுங்க."

கோதண்டபாணி தண்ணீரை எடுத்துக் குடித்தார். "பாக்கலாம்மா" என்றார்.

அன்று மாலை பள்ளி மணி அடித்ததும் கிரேஸ் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகாமல் கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். பின்னால் தேவிப்ரியா, அவள் பின்னால் ஆசிரியர் அறை மொத்தமும். வாசலில் மாணிக்கவேல் நாலைந்து பெற்றோரோடு காத்திருந்தார். அவர்கள் நேரே உள்ளே போய், "டீச்சருங்களுக்குப் போவாத துட்ட நாங்க எதுக்கு சார் கட்டணும்?" என்று கேட்டார்கள்.

வேன் கடன், கட்டட வாடகை என்று கோதண்டபாணி இரண்டு நாள் இழுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் எல்லாரையும் அழைத்தார். மாலை வகுப்புக் கட்டணத்தில் பாதி ஆசிரியர்களுக்கு. வேன் வேலையும் மாலை வகுப்பும் இனி ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து என்றார்.

"மாசச் சம்பளம் அப்படியேதானே இருக்குது?" என்று வெளியே வந்ததும் முணுமுணுத்தாள் தேவிப்ரியா.

"ஜூன்ல அதையும் கேப்போம்டி. இப்போ வழி தெரிஞ்சுபோச்சே" என்றாள் கிரேஸ்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு மாலை வகுப்பு இல்லை. மகள் சிம்ரன் வாலிபால் ஆடும் மைதானத்துக்கு முதன்முறையாகப் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. சிம்ரன் எகிறி ஓர் அடி அடித்தாள். பந்து எதிர்ப்பக்கம் பாய்ந்து விழுந்தது. வகுப்பையே அடக்கி உட்காரவைக்கும் கிரேஸ் டீச்சர், விரல்களை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தாள்.

"அம்மா, மானத்த வாங்காதம்மா!" என்று கத்திக்கொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள் சிம்ரன்.