ஒரே மட்டத்தில் நின்ற மூடிகள்

தம்பி தன் கருவிப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தபோது, அக்கா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு வார விடுமுறை. வேலை நேரத்தில் அந்தப் பெட்டி பட்டறையை விட்டு வெளியே வந்ததே கிடையாது. கையிலிருந்த சட்டையை வாளியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

“என்னடா, பெட்டியும் கையுமா வர்றே?”

“இனிமே வர வேண்டாம்னுட்டாங்க.”

“யாரு சொன்னது?”

“முதலாளி. பக்கத்துல அத்தானும் நின்னுட்டிருந்தாரு. வாயே திறக்கல.”

அத்தான் என்றால் அக்காவின் கணவர், அட்டை ஆலையின் மேஸ்திரி. மூன்று பேருக்கும் ஒரே ஆலைதான் சோறு போட்டது, ஒரே கூரைதான் நிழல் கொடுத்தது. மேஸ்திரிக்கு உருளைகள் ஓடும் பெரிய கொட்டகை. அக்காவுக்கு அட்டை வெட்டும் மேஜை. தம்பிக்குப் பின்பக்கத்துப் பட்டறையில் லேத். அன்று காலை ஈர அட்டையைக் காயவைக்கும் உருளை ஒன்றின் பேரிங் கருகிப் புகைந்து, தண்டு கடித்துக்கொண்டு, ஆலையே நின்றுபோயிற்று. பழி பேரிங்கின் மேல் உட்கார்ந்திருந்த கிரீஸ் கப்பின் மேல் விழுந்தது. அந்தக் கப்பைச் செய்தவன் தம்பி.

ஆலையில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘டக்கு’ என்றால்தான் தெரியும். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது.

சின்ன வயதிலிருந்தே அவன் காது ஒரு தினுசு. கதவு கீச்சென்றால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவான். தலைக்கு வைத்திருந்த எண்ணெய் கீலுக்குப் போய்விடும். “உனக்குத் தலையில முளைக்கிறது முடியா, கதவா?” என்று அக்கா கரண்டியோடு துரத்துவாள். தெருவில் யாருடைய சைக்கிளாவது முனகிக்கொண்டு போனால், அவன் பின்னாலேயே ஓடி நிறுத்தி எண்ணெய் விட்டு அனுப்புவான். படிப்பு ஏறவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லேத்துக்கு வந்து சேர்ந்தான். அக்கா மட்டும் என்ன, அதே எட்டாவதுதான். ஆனால் அட்டையில் போட்ட கோட்டிலிருந்து ஒரு நூல் தள்ளி வெட்டிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. சுத்தமாக வேலை செய்கிற ரத்தம் அது. அவனுக்கும் அதேதான்.

அந்தக் காலத்தில் உருளைகளின் பேரிங் மேல் வெறும் துளைதான். அதில் எண்ணெயை ஊற்றித் துணியால் அடைத்து வைப்பார்கள். அட்டைத் தூசி துணியில் அப்பி, எண்ணெயோடு உள்ளே இறங்கிப் பேரிங்கை அரைத்துத் தின்னும். பிறகு பித்தளைக் கப்புகள் வந்தன. சின்னக் கிண்ணம், அதற்கு மரை வெட்டிய மூடி. மூடிக்குள் கிரீஸை அடைத்துத் திருகினால், மூடி இறங்க இறங்கக் கிரீஸ் கழுத்து வழியாகப் பேரிங்குக்குள் போகும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் உருளை அதிர்கிற அதிர்வில் மூடி தானாகவே கழன்றுகொண்டு வந்து கீழே விழுந்துவிடும்.

அப்படி விழுந்த ஒரு மூடி, ஓடுகிற அட்டையோடு சேர்ந்து நசுங்கி, அக்காவின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. வெட்டுக் கத்தியின் கூர் போய்விட்டது. அவள் நசுங்கிய அந்த மூடியைப் பட்டறைக்கு எடுத்துப் போய் அவன் லேத்தின் மேல் ‘டொய்ங்’ என்று எறிந்தாள்.

“உங்க ஆளுங்க சாமானை உங்க இடத்துலயே வச்சுக்கங்க. எனக்கு அட்டையை மட்டும் அனுப்புங்க!”

“நான் செஞ்சதில்லக்கா. வாங்கினது.”

“அப்ப நீ செய். கையில என்ன மருதாணியா போட்டிருக்கே?”

அவன் செய்தான். எத்தனையோ மாதிரி செய்து பார்த்து, பழைய இரும்புக் கூடைக்குள் எறிந்து, கடைசியில் ஒன்று அமைந்தது. மூடியின் விளிம்பைச் சுற்றி வரிசையாகப் பள்ளம். கிண்ணத்தின் பக்கத்தில் மெல்லிய ஸ்பிரிங் தகடு. மூடியைத் திருகினால் தகடு ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டக்’கென்று விழுந்து பிடித்துக்கொள்ளும். கை திருகினால்தான் நகரும், அதிர்வுக்கு அசையாது. அளவும் கிடைத்துவிட்டது. ஒரு ஷிப்டுக்கு ஒரு டக். அதற்கு மேல் கொடுத்தால் பேரிங் கிரீஸைக் கக்கும். கொடுக்காமல் விட்டால் காயும். ஷிப்டு தொடங்கியதும் அவனே உருளை உருளையாகப் போய் டக், டக், டக் என்று திருகிக்கொண்டு வருவான். வெட்டு மேஜையில் நின்றபடியே அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்பாள். பக்கத்து மேஜைப் பெண்கள், “இந்தா, உன் தம்பி பேசறான்” என்பார்கள். அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். மறைக்கத் தெரியாது.

இப்போது அந்த முகம் வேறு மாதிரி இருந்தது.

“என்னதான்டா சொல்றாங்க?”

“மூடி இறுகிப் பிடிச்சுக்கிச்சாம். கிரீஸ் இறங்கலையாம். என் ஸ்பிரிங்தான் காரணமாம். நாளைக்கு எல்லாக் கப்பையும் கழட்டிப் போட்டுட்டு மறுபடியும் துணி அடைக்கப் போறாங்களாம்.” அவன் பெட்டியைத் தரையில் வைத்தான். வைத்த வேகத்தில் உள்ளே எல்லாம் குலுங்கிற்று. “அது பிடிக்காதுக்கா. பிடிக்கவே பிடிக்காது. நான் ஊர்ல இல்லாதப்ப என்னமோ நடந்திருக்கு.”

பித்தளைக் கம்பி வாங்க வெளியூர் போயிருந்தவன் அன்று காலைதான் திரும்பியிருந்தான்; உருளைகளைச் சுற்றி வருவதற்குள் பேரிங் புகைந்துவிட்டது. போகும்போது வேலையை அத்தானிடம்தான் ஒப்படைத்தான். “ஷிப்டுக்கு ஒரு டக். அவ்வளவுதான் அத்தான்” என்று சொன்னதை அக்காவே பக்கத்தில் நின்று கேட்டாள். அவன் இல்லாத அந்த நாட்களில்தான் அட்டை வாங்குகிற பெரிய மனிதர்கள் சிலர் ஆலையைப் பார்க்க வந்தார்கள்.

அக்காவின் பார்வை வாளிக்குள் போயிற்று. அதில் கிடந்தது கணவனின் வேலைச் சட்டை. அதன் கைப்பகுதியில் மஞ்சளாக ஒரு கறை. எத்தனை தரம் தேய்த்தும் போகாத கறை.

“டேய், பேரிங்குல இருந்து வர்ற கிரீஸ் என்ன கலரு?”

“கறுப்பு. ஓடி ஓடிக் கறுத்துடும்.”

“மஞ்சளா இருந்தா?”

“புதுசு. கப்புல அடைக்கிறது. ஏன் கேக்கறே?”

“மூடி அடி வரைக்கும் இறங்கியிருந்தா என்ன அர்த்தம்?”

அவன் பெட்டியிலிருந்து கிரீஸ் அடைத்த ஒரு கப்பை எடுத்துத் திண்டின் மேல் வைத்தான். “இப்ப உசரமா நிக்குது பாரு. உள்ள நிறைய இருக்கு.” விடாமல் திருகினான். டக்டக்டக்கென்று மூடி இறங்க, கழுத்து வழியாக மஞ்சள் புழு மாதிரி கிரீஸ் வெளியே வழிந்தது. மூடி கிண்ணத்தோடு ஒட்டி உட்கார்ந்தது. “இப்ப காலி. இதுக்கு மேல எப்படித் திருகினாலும் நகராது.”

அக்காவின் காதில் கணவனின் குரல் கேட்டது. அட்டை வாங்குகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று மாலை, சாப்பிட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னது: ‘மூடி எல்லாம் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, பல்லு போன வாய் மாதிரி அசிங்கமா நின்னுச்சு. ஸ்பேனரைப் போட்டு எல்லாத்தையும் ஒரே மட்டமா இறுக்கிட்டேன். வழிஞ்சதை ஆளுங்களை விட்டுத் துடைக்கச் சொல்லி, பளபளன்னு பாலிஷ் போட்டேன் பாரு, முதலாளியே நின்னு பாராட்டினாரு!’ அவளும் சட்டையைக் கெடுத்துக்கொண்டு வந்ததற்காகத் திட்டினாளே தவிர, வேறு என்னவென்று கண்டாள்?

அதை அவள் சொல்லி முடித்ததும், தம்பி சட்டையை வாளியிலிருந்து எடுத்துக் கறையைப் பார்த்தான். முறுக்கிப் பிழிந்தான். தண்ணீரெல்லாம் போன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தான்.

மாலையில் மேஸ்திரி செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, மூடியை இறுக்கினது நீங்கதானே?”

அவருக்கு விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அதிலேயே அவளுக்கு மிச்சமும் விளங்கிவிட்டது. இவருக்குத் தெரிந்திருக்கிறது.

“கருகினப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது. நான் என்ன வேணும்னா செஞ்சேன்?”

“தெரியாம செஞ்சது இறுக்கினது. வாயை மூடிக்கிட்டு நின்னது தெரிஞ்சுதானே?”

“மெதுவாப் பேசு. நான் மேஸ்திரி. என் பேரு கெட்டா அந்தக் கொட்டகையில ஒருத்தன் என்னை மதிப்பானா? அவன் சின்னவன். கையில தொழில் இருக்கு. எங்க போனாலும் பொழைச்சுக்குவான்.”

“சின்னவன்னா காலைத் துடைக்கிற சாக்கா?”

“நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க அத்தான்” என்றான் தம்பி உள்ளிருந்து. “உங்களை எதுவும் கேக்க மாட்டேன். சொல்லிட்டாப் போதும்.”

“பாக்கலாம், பாக்கலாம்.”

“நீங்க பாத்துக்கிட்டே இருங்க” என்றாள் அக்கா. “நீங்க சொல்லலேன்னா நான் சொல்வேன்.”

“புருஷனையே காட்டிக் குடுப்பியா?”

“நீங்க மச்சானைக் காட்டிக் குடுத்தீங்களே, அதை யாருகிட்டப் படிச்சீங்களோ அங்கதான் நானும் படிச்சேன்.”

மறுநாள் காலை முதலாளி உருளைக் கொட்டகையில் நின்றார். மேஸ்திரி ஆட்களைக் கூப்பிட்டுக் கப்புகளைக் கழற்றச் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை. வெட்டு மேஜையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கத்தியை வைத்துவிட்டு நேரே வந்தாள்.

“உனக்கு இங்க என்ன வேலை? போய் அட்டையை வெட்டு” என்று மேஸ்திரி அதட்டினார்.

“வெட்டத்தான் வந்திருக்கேன்.” அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். “கழட்டறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து பாருங்க முதலாளி. ஸ்பிரிங் பிடிச்சுக்கிட்டுக் கிரீஸ் இறங்கலேன்னா, உள்ள கிரீஸ் அப்படியே இருக்கணும்ல? ஒரு கப்புல ஒரு விரல் கிரீஸ் இருந்தாக்கூட என் தம்பி மேலதான் தப்பு. நானே கூட்டிட்டு வந்து மன்னிப்புக் கேக்க வைக்கிறேன்.”

முதலாளி மேஸ்திரியைப் பார்த்து, “திறய்யா” என்றார்.

முதல் மூடியை மேஸ்திரிதான் திறந்தார். கழுவி வைத்த கிண்ணம் மாதிரி காலி. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும். மூடிகள் மட்டும் பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தன. அன்று துணி வைத்துத் துடைத்த ஆட்கள் ஒருவரும் நிமிரவில்லை.

“யாரு எல்லாத்தையும் இப்படி அடி வரைக்கும் இறுக்கினது?” என்றார் முதலாளி.

அக்கா கணவனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமலோ, இனி தப்ப வழியில்லை என்றோ, மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நான்தாங்க. பாக்கறதுக்கு அழகா இருக்கட்டும்னு...”

“அழகா!” என்று கத்திய முதலாளி சட்டென்று நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு நின்று பாராட்டியது தானும்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “போய் அந்த டக்கைக் கூட்டிட்டு வாங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். மேஸ்திரியின் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அக்காவுக்கு இன்னொரு எரிச்சல்.

தம்பி வந்தான். ‘தப்பு உன்மேல் இல்லை’ என்று யாரும் சொல்லவில்லை. ‘வேலையைப் பார்’ என்றார்கள். அவன் பட்டறைக்குப் போய், அருமையாகச் செய்து வைத்திருந்த பள்ளம் வெட்டிய மூடிகளை ஒவ்வொன்றாக இரும்புக் கூடையில் எறிந்தான். சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள்.

“பைத்தியமாடா உனக்கு? அது தப்பில்லேன்னு இப்பத்தானே ஊரறியச் சொல்லிட்டு வந்தேன்?”

“தப்புதான்க்கா. காலியா இருக்கும்போதுதான் இது கண்ணுக்கு லட்சணமா இருக்கு. நிறைஞ்சிருந்தா ஏனோதானோன்னு தெரியுது. அத்தான் இல்லேன்னா இன்னொருத்தன் வந்து இறுக்குவான்.”

பிறகு அவன் செய்த புதிய கப்பில் மூடி வெறும் மூடிதான். எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம்; ஒன்றும் ஆகாது. உள்ளே ஒரு வட்டத் தகடு. அதை மேலிருந்து சுருள் ஸ்பிரிங் அமுக்கிக் கிரீஸைத் தானாகவே இறக்கும். மளமளவென்று இறங்கிவிடாமல் இருக்கக் கழுத்தில் ஒரு சின்னத் திருகு. தகட்டில் பதித்த மெல்லிய கம்பி ஒன்று மூடியின் நடுவே வெளியே தலை நீட்டும். தலைக்குச் சிவப்புச் சாயம். கிரீஸ் குறையக் குறையக் கம்பி இறங்கும். சிவப்பு மறைந்தால் காலி. தூரத்திலிருந்தே தெரியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

“எல்லாம் சரி, உன் டக்கு சத்தம் எங்கடா?” என்றாள் அக்கா.

“அந்த டக்குக்கு யாரையாவது நம்ப வேண்டியிருக்கு. இதுக்கு அந்தத் தொல்லை இல்ல.”

அவன் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. விளையாட்டுப் பிள்ளையாகத் தெருவெல்லாம் எண்ணெய் விட்டுத் திரிந்தவனை இப்படிப் பேச வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரத்தில், அன்று அவள் வெட்டிய அட்டைகளில் கத்தி வழக்கத்தை விட ஆழமாக இறங்கிற்று.

இப்போது உருளை வரிசையில் சிவப்புத் தலைகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஒழுங்கில்லாமல் நிற்கின்றன. மேஸ்திரி அந்தப் பக்கம் போகும்போது கைகள் பரபரக்கும்; பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். ஆட்கள் இன்னும் அவனை டக்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது மேஸ்திரி மெல்ல ஆரம்பித்தார். “புதுக் கப்பு பிரமாதம் மச்சான். நடந்தது நடந்துபோச்சு. இப்ப எல்லாம் சரியாயிடுச்சில்ல?”

தம்பி இன்னொரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். அக்கா குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

“டேய், உங்க அத்தானுக்கும் அந்த மாதிரி ஒரு சிவப்புக் கம்பி வச்சு விடுடா. உள்ள என்ன இருக்குன்னு வெளியில நின்னே தெரிஞ்சுக்கறேன்.”

மேஸ்திரி சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார்.