உவர் நிலத்துத் தும்பை

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. மழை பொய்த்த வருடங்களில் அப்பா ஆழமாகப் போர் போட்டார். தண்ணீர் வந்தது, ஆனால் உப்பாக வந்தது. வேறு வழியில்லாமல் அதையே பருத்திக்குப் பாய்ச்சினார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நிலம் வெளுத்துவிட்டது. வெயில் ஏற ஏற மண்மேல் உப்புப் பூக்கும். கோயில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து நான்கு மூலையிலும் தூவிப் பார்த்தார். போட்ட விதை முளைத்தது, இரண்டு இலை விட்டது, கருகியது.

அப்பா மட்டும் காலையில் அங்கே போவதை நிறுத்தவில்லை. பயிர் இல்லாத நிலத்தில் களை பிடுங்கினார். நான் அப்போது திருநெல்வேலியில் தாவரவியல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறையில் அவருக்குக் காப்பி கொண்டுபோனபோது, வெள்ளை மண்ணில் விரல் உயரத்துக்கு நின்ற தும்பைச் செடியைக் காட்டினார்.

"ஏட்டி, நீ இதத்தான படிக்க? நாம வச்சது எல்லாம் கருகுது. இது மட்டும் எப்படி நிக்கு?"

களைக்கு எந்த மண்ணும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன்.

அந்த ஆவணியில் ஒரு நாள் அப்பா நிலத்திலேயே விழுந்து கிடந்தார். அக்காதான் முதலில் பார்த்தாள். மாரடைப்பு என்றார்கள். நான் வந்து சேர்வதற்குள் அவர் கைகளைத் துடைத்துவிட்டிருந்தார்கள். நகக்கண்களில் மட்டும் வெள்ளை மண் ஒட்டியிருந்தது. வலது கையில் ஒரு தும்பை வேரோடு இருந்ததாக அக்கா சொன்னாள். களை என்று பிடுங்கினாரா, என்னிடம் காட்ட எடுத்தாரா, தெரியவில்லை.

பிறகு நான் கல்லூரியில் பாடம் நடத்த வந்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால், இது மட்டும் எப்படி நிக்கு என்ற அப்பாவின் கேள்வி கேட்கும். திரும்பினால் மாணவிகள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். சில வருடம் முன்பு இனிப் பொறுக்க முடியாது என்று ஆனது. எங்கள் நிலத்துத் தும்பை விதையையும், பனவடலிசத்திரம் பக்கம் நல்ல மண்ணில் வளர்ந்த தும்பையின் விதையையும் சேகரித்தேன். இரண்டு ஊர் மண்ணையும் மூட்டையில் கட்டிவந்து, மொட்டை மாடியில் தொட்டிகளில் நிரப்பி, இரண்டு விதையையும் இரண்டு மண்ணிலும் போட்டேன்.

உவர் மண்ணில் எங்கள் நிலத்துச் செடிகள் நின்றன. நல்ல மண்ணின் பிள்ளைகள் மூன்று வாரத்தில் கருகின, இரண்டைத் தவிர. நல்ல மண்ணிலோ எங்கள் செடிகள் குட்டையாக, தடித்த இலையோடு நின்றன. பக்கத்துச் செடிகள் அவற்றை மூடி வளர்ந்தன. அந்தக் குட்டைச் செடிகளின் விதையை அடுத்த வருடம் மறுபடி நல்ல மண்ணிலேயே போட்டேன். உப்பையே காணாத அந்தக் கன்றுகளும் குட்டையாகவே வளர்ந்தன. அப்படியானால் இது பழக்கம் இல்லை, பிறப்பிலேயே இருப்பது.

ஊருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எந்தச் செடியும் உப்புக்குத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை, பிறக்கும்போதே கொஞ்சம் வேறு மாதிரி இருந்த ஒன்றிரண்டு தப்பின, மற்றதெல்லாம் செத்தன, வருடா வருடம் இப்படியே நடந்து தப்பியவற்றின் வம்சம்தான் அங்கே நிற்கிறது என்றேன்.

அக்கா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள்.

"செத்தது அம்புட்டையும் யாரு நெனைக்கா?" என்றாள். நறுக்கியதைத் தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டே, "அப்பாவும் அதத்தான் கேட்டாவளோ என்னமோ."

நான் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

போன மாதம் நல்ல மண் விதையை மறுபடி உவர் மண்ணில் போட்டேன். எத்தனை கருகின என்று எண்ணி எழுதுவது தவிர ஒன்றும் செய்யக்கூடாது. பதினைந்தாம் நாள் காலை ஒரு கன்று சாய்ந்துகொண்டிருந்தது, நுனி இலை இன்னும் பச்சையாக. அதை மண்ணோடு தோண்டி எடுத்தேன். வேரை நல்ல தண்ணீரில் அலசி, நல்ல மண் நிரப்பிய வேறொரு தொட்டியில் நட்டேன். ஒரு ஆராய்ச்சியாளர் செய்யக்கூடாத காரியம். தண்ணீர் ஊற்றி, நிழலில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கல்லூரிக்கு அன்று லீவு சொல்லிவிட்டேன்.

அது மதியத்துக்கு மேல் பிழைக்கவில்லை.